நாலு விரல் இடைவெளி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசலுக்குப் போய் என் காரைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். திங்கட்கிழமை, காலை ஆறரை மணி. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மணிக்கு அந்தக் காரில் அக்காவை வேலைக்கு அழைத்துப் போக வேண்டும். எட்டு மாதம் கழித்து முதல் நாள். இன்று போய்க் கையெழுத்துப் போடாவிட்டால், உடல்நலக் காரணம் என்று எழுதி நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதமே வந்துவிட்டது.

கார் பழசு. மூன்று பேர் ஓட்டிச் சலித்து என்னிடம் வந்தது. பின்பக்கம் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் காற்றுப்பைகள். கம்ப்ரசர் காற்றை அடைத்தால் பின்பக்கம் நிமிரும். ஒழுங்காக நிமிர்ந்து நின்றால் டயருக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும். ஒரு மாதமாக, மாலையில் நாலு விரல், காலையில் நகம்கூட நுழைவதில்லை. அப்படி அடியோடு படுத்துவிட்டால் கம்ப்ரசர் அதைத் தூக்கி நிறுத்த மாலை ஆகிவிடும்.

2

எப்படித் தொடங்கலாம் என்று இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

"நாய் பின்னங்காலை மடக்கி உட்கார்வதுபோல அந்தக் கார்..." (வேண்டாம். நாய் தானாக எழுந்துகொள்ளும்.)

"அக்காவும் காரும் ஒரே வருடத்தில்தான் படுத்தார்கள். இருவருக்கும் முதுகில்..." (ஐயோ, வேண்டவே வேண்டாம்.)

இந்த இரண்டாவது என் மூளையில் உதித்ததல்ல. கதை கேட்டுப் போன் செய்த பத்திரிகை ஆசிரியரிடம் காரைப் பற்றியும் அக்காவின் முதுகைப் பற்றியும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மனிதர் துள்ளிக் குதித்தார்.

"அந்தக் கார்தானே உங்க அக்கா? நிமிர முடியாத பொண்ணு! பிரமாதமா வரும், எழுதுங்க."

"இல்லைங்க. கார் வந்து கார்தான். காத்து எங்கயோ போகுது. எங்கன்னு தெரியல, அவ்வளவுதான்."

அன்றே சபதம் எடுத்தேன். இந்தக் கதையில் கார் எதற்கும் உவமை ஆகாது. அக்காவும் ஆக மாட்டாள்.

3

அக்கா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். அளந்து பார்க்காமல் ஒரு கோடு போட மாட்டாள், கடையில் துணி வாங்கினாலும் வீட்டுக்கு வந்து மறுபடி அளப்பாள். அலுவலக மாடிப்படியில் தவறி விழுந்தாள். முதுகில் இப்போது இரண்டு கம்பி, ஆறு திருகு. வீட்டிலிருந்து அலுவலகம் ஒரு மணி நேரப் பயணம். அத்தானுடைய சின்னக் காரில் ஏற்றிப் பார்த்தோம். பத்தாவது நிமிடம் "நிறுத்து" என்றாள். இறங்கி விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் காரின் பின்சீட்டில், பைகளில் காற்று இருக்கும்போது, அந்த முழு ஒரு மணி நேரத்தையும் தூங்கியே கழித்தாள். காற்று இறங்கிவிட்டால் வண்டி வெறும் கட்டைமேல் உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகில் இறங்கும்.

(குளிக்கப் போகிற வழியில் இதைப் படித்த அக்கா: "அழுததை எதுக்குடி எழுதின?" "நடந்ததுதானே?" "அப்ப கம்பத்துக்கிட்ட நின்னு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினதையும் எழுது." எழுதிவிட்டேன்.)

4

அத்தானை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். "போதும்மா, வீட்ல இரு. நான் சம்பாதிக்கலையா?" என்று தினமும் சொல்கிறவர் அவர். காரை எடுத்துப்போகச் சொல்லி, என்னைக் கேட்காமலே பழைய இரும்புக்காரரை வரச் சொன்னவரும் அவர்தான். வில்லனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் மருத்துவமனை நாற்காலியில் நாற்பது நாள் உட்கார்ந்தே தூங்கியவரும் இவரே. கெட்டவர் இல்லை, பயந்தவர். கெட்டவர் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தலாம். பயந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். வீடு இரண்டு பட்டது.

5

மெக்கானிக்கைக் கடைத்தெருவில் "நிதானம்" என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கும் பதற மாட்டார். அந்த நிதானத்தோடேயே முதலில் உயரத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார், பிறகு கம்ப்ரசரை மாற்றினார். வண்டி மறுநாளும் படுத்தது.

"பையில ஓட்டை இருக்குமோ?" என்று கேட்டேன்.

"வண்டியத் தூக்குற லிப்ட்ல ஏத்தி ரெண்டு தடவ சோப்புத்தண்ணி அடிச்சாச்சும்மா. ஒரு குமிழ் வரல. பேசாம காத்துப்பையைத் தூக்கிட்டு இரும்பு ஸ்பிரிங் போட்டுருவோம்."

இரும்பு ஸ்பிரிங் என்றால் அத்தானுடைய கார். அத்தானுடைய கார் என்றால் விளக்குக் கம்பம்.

போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பியபோது, படுத்திருந்த அக்கா கேட்டாள்.

"லிப்ட்ல ஏத்தினா சக்கரம் தொங்குமா?"

"தொங்கும்."

"அப்ப பை மேல எடையே இல்லையேடி. இழுபட்டு நீளமா இருக்கும். என்னையும் அந்த முதல் டாக்டர் படுக்க வச்சே பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னானே? எனக்கு உக்காந்தாத்தானே வலிக்கும்!"

(சபதம் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். உவமை சொன்னது நானில்லை, அவள். அதுவும் கதைக்காகச் சொல்லவில்லை.)

மறுநாள் நிதானத்தை வீட்டுக்கே வரவழைத்து, காரைத் தரையிலேயே நிறுத்தினோம். "திங்கக்கிழமை நான்தானே உக்காரப் போறேன்" என்று அக்கா அடம்பிடித்துப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் சக்கர வளைவு வழியாகக் கையை விட்டுச் சோப்புத் தண்ணீர் தெளித்தேன்.* அவளுடைய பொட்டுக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தேன். இடது பையில், ரப்பர் மடியும் இடத்தில், நுரை சரம் சரமாகக் கிளம்பியது. லிப்டில் அந்த மடிப்பே விரிந்து போய்விடும். விரிசல் வாயை மூடிக்கொள்ளும். நிதானம் குனிந்து பார்த்தார். முதல் முறையாகப் பதறினார்.

"ஆமாம்மா... இருபது வருஷமா லிப்ட்லதானே பாத்துட்டு இருக்கேன்!"

* நீங்களும் செய்து பார்ப்பதானால் கையை மட்டும் நீட்டுங்கள், வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். பை வெடித்தால் வண்டி உங்கள் மேல்தான் உட்காரும்.

6

இந்த மாடலுக்குப் புதுப் பை வருவது நின்று பல வருடம் ஆகிறது. சனிக்கிழமை அத்தான் சொன்னபடி பழைய இரும்புக்காரர் வந்து நின்றார். காரைச் சுற்றி வந்தார்.

"அட, இதே வண்டி ஒண்ணு என் யார்டுல கிடக்குதே!"

"அதுல இடது பின் பை இருக்கா?" என்று அக்கா ஜன்னலிலிருந்து கத்தினாள்.

காரை எடுக்க வந்தவரே பையைக் கழற்றிக் கொடுத்தார். அத்தான் வீட்டுக்குள் போய்விட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை, கடையைத் திறந்து நிதானம் அதை மாட்டினார். மாலையில் நாலு விரல் நுழைந்தது. ஆனால் அதுவும் பழைய ரப்பர்தான். எத்தனை மடிப்பு கண்டதோ. ராத்திரி முழுக்கத் தாங்கினால்தான் நிச்சயம் என்றார்.

அந்த ராத்திரி முடிந்துவிட்டது. இந்தத் திரைக்குப் பின்னால் முடிவு நின்றுகொண்டிருக்கிறது, அல்லது படுத்துக் கிடக்கிறது.

7

முடிவு ஒன்று: நாலு விரல் நுழைகிறது. அத்தான் கண்ணீரோடு அக்காவின் கையைப் பிடிக்கிறார். (எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: நகம் நுழையவில்லை. அக்கா கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுக்கிறாள். (ஆசிரியர் உடனே அச்சிடுவார். கொடுக்க மாட்டேன், சார்.)

முடிவு மூன்று: இரண்டு விரல் மட்டும் நுழை

அக்கா வந்துவிட்டாள். தலை வாரி, அலுவலக அட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் பையோடு நிற்கிறாள். நான் எழுதியதைக் குனியாமல், தாளைக் கையில் தூக்கிப் படித்தாள்.

"இன்னும் போய்ப் பாக்கலயா?"

"பயமா இருக்குக்கா."

"நல்லதாப் போச்சு. பாக்காத."

"நீயா சொல்ற? அளக்காம ஒரு கோடு போட மாட்டியே!"

"என்ன பண்றதுன்னு தெரியலன்னாத்தான்டி அளக்கணும். நான்தான் முடிவு பண்ணிட்டேனே. வண்டி நின்னா தூங்கிட்டே போவேன். படுத்திருந்தா உன்னைத் திட்டிட்டே போவேன். எப்படியும் போவேன்."

அவள் பின்னால் அத்தான், முதுகுக்கு வைக்கும் தலையணையைக் கட்டிப் பிடித்தபடி.

"நடுவுல வலிச்சா போன் பண்ணும்மா. நான் வந்துடறேன்."

"வலிக்கும். போன் பண்ண மாட்டேன். தலையணையைக் குடுங்க."

கொடுத்தார்.

அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். சாவி என் கையில். பின்சக்கரத்தின் பக்கம் பார்க்காமல், முன்பக்கமாகவே சுற்றிப் போய் ஏறப் போகிறேன். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் திரையை விலக்கிக்கொண்டு நீங்களே வாருங்கள், குனிந்து பாருங்கள். உங்கள் கையிலும் நாலு விரல் இருக்கிறது. ஆனால் சீக்கிரம். எட்டு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன்.