விளிம்பு வரை போன சிவப்பு

பாராட்டு விழா ஞாயிறு காலை பத்தரை மணிக்கு. எட்டு மணிக்கு என் தம்பி மகள் காவ்யா என் முன்னால் வந்து நின்று, தான் கண்டுபிடித்தது தப்பு என்றாள்.

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாத அளவுக்கு எனக்குக் கோபம். ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டுக்குச் சாயம் போடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பட்டறைச் சாயம் நிற்கவில்லை என்று ஒரு சேலை திரும்பி வந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் பெங்களூரில் வானியல் படித்து, கட்டுரை எழுதி, அது பேப்பரிலும் வந்து, நெசவாளர் சங்கம் மண்டபம் பிடித்திருக்கிறது. செத்துப்போன தம்பியின் இடத்தில் நான் முன்வரிசையில் உட்கார வேண்டிய நாளில், தப்பாம்.

"எது தப்பு?"

"அந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுதுன்றதுதான் என் கண்டுபிடிப்பே, பெரிப்பா. அதுதான் தப்பு."

அவள் எனக்குப் பலமுறை விளக்கியதுதான். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் பெரிய கருந்துளை. அதில் விழப்போகும் வாயு, விழுவதற்கு முன் சூடேறி, அங்குள்ள அத்தனை நட்சத்திரங்களையும் மிஞ்சி ஒளிர்கிறது. அந்தக் கதிர்வீச்சு வெளியே பாய்ந்து, மண்டலத்தில் கிடக்கும் மற்ற வாயுவைச் சூடாக்குகிறது. அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்க்கிறது. வாயுவையே வெளியே தள்ளுகிறது. வாயு குளிர்ந்து கிடந்தால்தான் புது நட்சத்திரம் பிறக்கும். தான் பார்த்த மண்டலத்தில் கதிர்வீச்சு விளிம்பு வரை எட்டுகிறது, அங்கே இனி நட்சத்திரம் பிறப்பது அரிது என்று எழுதியிருந்தாள். கட்டுரைப் படத்தில் நடுவிலிருந்து இரு பக்கமும் விசிறி விரித்தாற்போல் சிவப்பு, விளிம்பு வரை.

அந்தப் படத்தைத்தான் நான், தறிக்கு உருவம் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளைகளாகக் குத்தக் கொடுத்து, நீலப் பட்டுச் சேலையில் முந்தி முழுக்க நெய்ய வைத்திருந்தேன். சிவப்பு நூலுக்கு நானே நின்று சாயம் போட்டேன். மேடையில் அதை அவளுக்குப் போர்த்துவதாக ஏற்பாடு.

"நம்ம காத்து வழியா வரும்போது எந்த வெளிச்சமும் கொஞ்சம் பரவும்," என்றாள். "எவ்வளவு பரவுதுன்னு தெரிஞ்சிக்க பக்கத்துல ஒரு சாதா நட்சத்திரத்தைப் படம் எடுப்போம். நான் முந்தின நாள் எடுத்த நட்சத்திரத்தைக் கணக்குல போட்டுட்டேன். அன்னிக்குக் காத்து அமைதி. மண்டலத்தைப் படம் எடுத்த மறுநாள் ஒரே கலக்கம். நடுவுல இருந்த வெளிச்சம் பரவித் தெரிஞ்சதை, தூரத்து வாயுவே எரியுதுன்னு நினைச்சுட்டேன்."

எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கரையின் சிவப்புச் சாயம் கசிந்து உடலுக்குள் இறங்கிவிட்ட சேலையைக் காட்டி, அதுவரைக்கும் சிவப்பு நூல்தான் நெய்தேன் என்று ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்வேனோ, அதை இவளையும் சொன்னேன். இங்கே எழுத முடியாது. அவள் அழவில்லை.

"யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான். புதன்கிழமை. கூட எழுதினவங்க கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அந்த ஜர்னலுக்கு எழுதறோம்."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு மேடையில வாயைத் திறக்காதே. யாருக்குத் தெரியப் போவுது?"

"வந்தா சொல்லுவேன் பெரிப்பா. சொல்லக் கூடாதுன்னா வரலை."

அப்போது சங்கச் செயலாளர் தசரதன் உள்ளே வந்தான். "இன்னாணா, ரெண்டு பேரும் உர்ர்னு கீறீங்க? மண்டபத்துல சேர் பத்தலை. ஜல்தி கெளம்புங்க."

அவனிடமும் அவள் சொன்னாள். அவன் சிரித்தான்.

"இதுக்கா பேஜார் பண்ணிகினு கீறே? வானத்துல எவன் போயி முழம் போடப் போறான்? ஆரணியில யாருக்குத் தெரியப் போவுது? அண்ணே, டிசைனைப் பாத்துட்டு காஞ்சிபுரத்துலருந்து இருபது சேலை கேக்கறாங்க. காவ்யா பட்டுன்னே பேர் வெச்சிடலாம். தப்போ ரைட்டோ, செவப்பு நல்லா எடுப்பா கீது."

யாருக்குத் தெரியப் போவுது. சற்று முன் நான் சொன்ன அதே சொல். அவன் வாயில் கேட்க எனக்குக் காது கூசியது.

"உன் தறியில சாயம் இறங்கின சேலையை இப்படித்தான் தள்றியாடா?"

"அண்ணே, நான் இன்னா சொல்லிட்டேன்..."

"எங்க வீட்டுப் பேரைப் போட்டுத் தப்பான சேலை ஓட்டுவே. வாயை மூடிகினு நட."

மண்டபத்தில் யாரும் அழைக்காமலே மேடையேறி, மைக்கை வாங்கினேன். "எங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுல தப்பு இருக்கு. அவளேதான் கண்டுபிடிச்சா. அவளே சொல்லுவா. உக்காந்து கேளுங்க."

பின்வரிசையில் ஒருவன், "அப்ப சாப்பாடு உண்டா இல்லியா?" என்றான். சிரிப்பு எழுந்தது. நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அடங்கியது.

காவ்யா சொல்லி முடித்ததும், சேலை முந்தியை இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள். சிவப்பு எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன். நடுவிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் கைவைத்தாள். அதற்கு வெளியே ஒன்றரை முழம், பொய். அவள் கைவைத்த இடத்தில் சாக்பீஸால் நானே கோடு போட்டேன்.

"அப்ப அங்க நட்சத்திரம் பொறக்குமாம்மா?" என்று முன்வரிசையில் என் மனைவி அபிதகுசாம்பாள் கேட்டாள்.

"பொறக்கலாம் பெரிம்மா. ஓரத்து வாயு இன்னும் குளுந்துதான் இருக்கும்னு தோணுது. மறுபடியும் பாக்கணும்."

விழா முடிந்ததும் நேராக அந்தச் சேலை நெய்த தறிக்கூடத்துக்குப் போய் அட்டைகளைக் கழற்றினேன். தசரதன் பின்னாலேயே வந்து, "இருபது சேலைணா," என்றான்.

"சரியான படம் எப்ப வரும்?" என்று காவ்யாவிடம் கேட்டேன்.

"தொலைநோக்கியில நேரம் கிடைக்கணும். அடுத்த வருஷம் ஆவலாம்."

"ஆவட்டும். அதுவரைக்கும் இந்த டிசைன் எந்தத் தறியிலயும் ஏறாது."

அட்டைக்கட்டைத் தூக்க அவள் குனிந்தாள். "தொடாதே," என்றேன். "முந்தின நாள் நட்சத்திரத்தைப் போட்டவ கையில நான் எதையும் குடுக்கறதா இல்லை. போய் அந்த லெட்டரை எழுது. நாளைக்கு இல்ல, இப்பவே."