கடைசி அத்தியாயத்தில் இருந்த அப்பா

அழைப்புமணி அடித்தபோது எழுத்தாளர் உள்ளறையில் ஒரு கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ‘துன்பம் மனிதனுக்கு என்ன கற்றுத் தருகிறது’ என்பது தலைப்பு. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்த ஒரே நாவல் வெளிவந்து பதினாறு வருடம் ஆகியும், கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் அதைப் பற்றியே பேசச் சொன்னார்கள். அவரும் சளைக்காமல் பேசி வந்தார்.

கதவைத் திறந்த மனைவி யாரோ ஒரு பெண்ணை உள்ளே அழைத்து வந்தாள். வந்தவள் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் அவருடைய நாவல், முதுகு பிய்ந்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தது.

“என் பையன் பைக்ல அடிபட்டுப் போயிட்டான் சார். மூணு வருஷம் ஆச்சு,” என்றாள், உட்காருவதற்கு முன்பே. “உங்க புஸ்தகத்த பதினோரு தடவ படிச்சிட்டேன். அதுல செத்துப்போற அந்தப் பொண்ணோட அம்மா ஒரே வருஷத்துல திரும்பச் சாமி கும்பிட ஆரம்பிச்சிடுறா. மனசு ஆறிடுது. எனக்கு ஏன் சார் ஆறல? நான் எங்க தப்பு பண்றேன்?”

மேடையில் சொல்லும் பதில் எழுத்தாளரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. “நம்பிக்கைய விட்டுடாதீங்கம்மா, காலம்...” என்று இழுத்தார்.

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. டீ கொண்டுவந்த மனைவியின் பக்கம் திரும்பியிருந்தாள். “அக்கா, நீங்கதானே அந்த அம்மா? சார் ஒரு பேட்டியில சொல்லியிருந்தாரு. உங்களுக்கு எப்போக்கா ஆறுச்சு?”

மனைவி அந்த நாவலைப் படித்ததே இல்லை. முதல் பிரதியை அவர் கையில் கொடுத்தபோது, “அப்புறம் படிக்கிறேன்” என்று வாங்கி அலமாரியில் வைத்தவள்தான். அவர்களுடைய ஒரே மகள் சிட்டு ஒன்பது வயதில் சிறுநீரகம் பழுதாகிச் செத்துப்போனாள். அன்றிலிருந்து மனைவி சட்டைத் தொழிற்சாலைக்குப் போவாள், பொத்தான் தைப்பாள், வருவாள், சமைப்பாள். கடவுள் என்ற பேச்சை எடுத்ததில்லை. அது எழுத்தாளருக்கு நன்றாகவே தெரியும். அவருக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஆனால் கடவுள் இல்லாமல் நாவலை முடிக்க வரவில்லை.

“ஆறலம்மா,” என்றாள் மனைவி. “பதினெட்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளும் ஆறல. சாமின்னு நான் கையெடுத்து நின்னதும் இல்ல. நீ ஒரு தப்பும் பண்ணல.”

தபால்காரப் பெண் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுத்தாளர் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஜன்னல் ஓரம் நின்றார். போகும்போது அவள் நாவலை மேஜைமேல் வைத்தாள்.

“இது இனிமே எனக்கு வேணாம் சார். கோவிச்சுக்காதீங்க.”

அதைத்தான் மனைவி எடுத்துப் படித்தாள். வேலை விட்டு வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் உட்கார்ந்து நான்கு நாள் படித்தாள். தாகமே இல்லாமல் அவர் தண்ணீர் குடிக்கப் போய்ப் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க.”

பதினாறு வருடமாக அவர் காத்திருந்த வார்த்தை. வெட்கமில்லாமல் மனசு துள்ளியது.

“கடைசி அத்தியாயத்துல புள்ள போன நாள் திரும்ப வருது. அதுல அப்பா புள்ளையோட கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்காரு,” என்றாள்.

“ம்.”

“நீங்க அங்க இல்லையே.”

“நாவல்னா கொஞ்சம் முன்னப்பின்ன...”

“ஆஸ்பத்திரி வராண்டாவுல நோட்டுல எழுதிட்டிருந்தீங்க. சிட்டு ரெண்டு தடவ அப்பா அப்பான்னு கூப்பிட்டா. எழுந்து வந்து சொல்லலாம்னா என் கைய விடமாட்டேங்குறா. அப்பா எழுதிட்டிருக்காரு, இப்போ வந்துடுவாருன்னு சொன்னேன். சரின்னா. அப்புறம் கூப்பிடல.”

வராண்டாவில் இருந்தது அவருக்குத் தெரியும். கூப்பிட்டது தெரியாது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

“இத்தன வருஷம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. “சாப்பிடுறீங்களா?” என்று கேட்டாள்.

கூட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். பதிப்பாளரிடம் போய், அடுத்த பதிப்பில் கடைசி அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்றார். “சார், ஜனங்க வாங்குறதே அதுக்காகத்தான். அதுல போய் கை வைக்கிறீங்களே!” என்று பதிப்பாளர் சிரித்து அனுப்பிவிட்டார்.

இருந்தும் எழுதிப் பார்த்தார். உள்ளதை உள்ளபடி. குழந்தை கூப்பிட்டாள், அப்பா வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் ‘கூப்பிட்டாள்’ என்று போடுவதா ‘அழைத்தாள்’ என்று போடுவதா என்று ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்ததைத் தானே கண்டபோது, பேனாவை மூடினார். ஐம்பது வருடப் பழக்கம். எதைத் தொட்டாலும் வாக்கியமாகிவிடுகிறது. மன்னிப்புக் கேட்கலாம் என்று கண்ணை மூடினார். கதையை முடிக்க மட்டும் கூப்பிட்ட கடவுளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்கவேண்டியவளுக்கோ வயது ஒன்பது. மனைவியிடம் கேட்டார். “நான் என்ன சொல்ல?” என்றாள் அவள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

தபால்காரப் பெண் ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தாள். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே பேசுவார்கள். சில நேரம் அழுவார்கள். ஒருமுறை சிரிப்புகூடக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எழுத்தாளர் எழுந்து சமையலறைக்குப் போனார்.

“நானும் உக்காரட்டுமா?”

“உக்காருங்க,” என்று மனைவி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். தபால்காரப் பெண் மரியாதையாகச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பேச்சு பஸ் நேரத்துக்கும் மழைக்கும் போயிற்று. பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து வந்தார். அறைக்குள் நுழையும்போதே அங்கே பழைய பேச்சு தாழ்ந்த குரலில் மறுபடி தொடங்கியது. சிட்டு என்ற பெயர் மட்டும் காதில் விழுந்தது. மற்றது கேட்கவில்லை.