வெடி என்று ஒதுக்கியவை

எங்கள் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் வரும் சின்ன அதிர்வுகளை, மலையடிவாரக் கல்குவாரியில் வைக்கும் வெடி என்று ஒதுக்கிவிடுவோம். மலைக்குள்ளிருந்து வரும் அதிர்வுகள் கூடினால்தான் ஊரைக் காலி செய்யச் சொல்வோம்.

குவாரி என் தம்பியுடையது. இந்த வாரம் திரையில் அதிர்வுகள் வரிசை கட்டி நின்றன. தொலைபேசியில் கேட்டால், "வெடிமருந்தே வரலக்கா, வெடி வச்சு ரொம்ப நாளாச்சு" என்றான். அவனை எனக்குத் தெரியாதா? முன்பொரு முறை அனுமதியில்லாமல் வெடித்துப் பள்ளிக்கூடச் சுவரைப் பிளந்துவிட்டு, தான் இல்லை என்று என் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தவன். நான் எல்லாவற்றையும் வெடி என்றே ஒதுக்கினேன். மலை அமைதி என்று மேலதிகாரியிடமும் சொன்னேன்.

கையும் களவுமாகப் பிடிக்க இன்று நேரிலேயே போனேன். குவாரிக்குப் பக்கத்திலேயே அவன் வீடு. பாறைச் சரிவில் புதுக் கற்கள் குவிந்து கிடந்தன.

"இது எப்படி விழுந்துச்சு?"

"தானா விழுந்துச்சுக்கா."

"கல்லு தானா விழுமா? யாருக்குடா காது குத்துற?"

அவன் வெடிமருந்துக் கிடங்கைத் திறந்து காட்டினான். மூலையெல்லாம் ஒட்டடை. அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. வேறெங்கோ ஒளித்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அவன் இரண்டு கைகளாலும் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தான். குவளைக்குள் தேநீர் நடுங்கியது. ஜன்னல் படபடத்தது. சரிவிலிருந்து இன்னும் நாலு கற்கள் உருண்டன.

"இதுவும் நான்தானாக்கா?" என்றான்.

இவன் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று முதல்முறையாக ஏங்கினேன். மேலதிகாரியை அழைத்தேன்.

"சார், நான் ஒதுக்குனது எதுவும் வெடி இல்ல. மலைதான். உடனே ஊரைக் காலி பண்ணச் சொல்லுங்க."

தம்பி மனைவி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

"வாரம் பூரா இப்படித்தான் ஆடுது அண்ணி. போயிடலாமான்னு இவர் கேட்டாரு. நான்தான், அங்க அண்ணி பார்த்துக்கிட்டு இருக்காங்க, ஏதாவதுன்னா சொல்ல மாட்டாங்களான்னு சொல்லி இருக்க வச்சேன்."