பதினோராவது குரல்

எலெக்ட்ரானிக் மியூசிக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னால், நான் ஏதோ பாட்டு செய்துகொண்டிருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பொய். முதல் வருஷம் முழுக்க ஒலி தேடுவதுதான் வேலை. தாளத்துக்கு ஓர் அடி வேண்டும், அதற்கு ஈடுகொடுக்கிற மாதிரி ஒரு தட்டு வேண்டும், மேலே தூவ ஒரு சலங்கையாவது வேண்டும். இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. நானும் அள்ளினேன். லேப்டாப்பில் இடம் போதாமல் என் அண்ணன் கல்யாண ஃபோட்டோக்களையே வெளியே தூக்கிப் போட்டேன். அத்தனை அள்ளியும் ஒரு பாட்டு வந்ததா? இல்லை. மளிகைக் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ரசம் வைக்கத் தெரியாமல் நிற்பவளைப் போல நின்றேன்.

'உங்களைச் சுற்றியிருக்கும் ஒலிகளை நீங்களே பதிவு செய்யுங்கள், அதுதான் உங்கள் அடையாளம்' என்று வீடியோவில் வெள்ளைக்காரப் பையன்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடையும் குருவியும் இருக்கும். நான் இருப்பது பொம்மனஹள்ளியில் ஒரு பிஜி ஹாஸ்டல். மாடித் தொட்டி நிரம்பி வழிவதைப் பதிவு செய்தேன், நடுவில் ஹாரன். குக்கர் விசிலை எடுத்தேன், ஹாரன். மழையை எடுத்தேன், கொட்டுகிற மழையிலும் ஒருத்தன் கையை எடுக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். சரி, என் அடையாளம் ஹாரன்தான் என்று எரிச்சலோடு ஒப்புக்கொண்டேன்.

இந்த வேலையெல்லாம் நடப்பது கம்பெனி பஸ்ஸில். பொம்மனஹள்ளியில் ஏறி வைட்ஃபீல்டில் இறங்குவதற்குள் ஒரு பாட்டை ஆரம்பித்து, வெறுத்து, அழித்தே விடலாம். டிராஃபிக் அவ்வளவு தாராளம். பக்கத்து சீட் ருக்கு அக்காவுடையது. எங்கள் கம்பெனியில் சம்பளப் பிரிவில் இருக்கிறார், நாற்பதைத் தாண்டியவர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம், அப்பா விதான சௌதாவில் வேலை பார்த்தவர். டிரைவரோடு கன்னடம், என்னோடு தமிழ், ஃபோனில் மகனைத் திட்டுவதற்கு இரண்டும்.

"என்னடி தர்ஷினி, இன்னிக்கும் டொக்கு டொக்குதானா?" என்பார்.

"அக்கா, இது பீட்டு."

"எங்காத்துல பைப் ஒழுகறது இதைவிட நன்னா இருக்கும்."

எனக்குக் கோபம் வரும். அவர் சொல்வது உண்மை என்பதால் கூடக் கொஞ்சம் வரும்.

அக்காவிடம் ஒரே ஒரு விசித்திரம். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தாக்ஷரி நடக்கும். சுருதி என்றால் என்னவென்று தெரியாதவர்கள்கூடத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அக்கா மட்டும் வாயைத் திறக்க மாட்டார். வற்புறுத்தினால் முகம் இறுகிவிடும், 'சும்மா'கூடக் கன்னடத்தில் வரும். "சும்னே இருங்கோ. என் குரல் பாட லாயக்கில்லை. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு" என்பார். யார் டெஸ்ட் பண்ணியது என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

இதற்கிடையில் நான் ஒரு வம்பை விலைக்கு வாங்கியிருந்தேன். கோரமங்களாவில் ஒரு காபிக்கடையில், என்னைப் போல் புதிதாக ஆரம்பித்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடித் தங்கள் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பெயர் கொடுத்தாயிற்று, கையில் பாட்டு இல்லை.

அந்தப் பதற்றத்தில் பழைய இலவசத் தொகுப்புகளை மறுபடி கிளறியபோதுதான் அது அகப்பட்டது. 'இந்தியப் பெண் குரல்' என்று ஒரு ஃபோல்டர். பாடியவர் பெயர் இல்லை, வெறும் நம்பர்கள். பதினோராவதைத் திறந்தேன். சொற்கள் இல்லாத ஒரு இழுப்பு. கீழிருந்து மெதுவாக ஏறி, உச்சியில் நின்று, ஒரு குழைவு குழைந்து இறங்கும். கடைசியில் பாடுகிறவள் அடுத்த வரிக்காக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அதோடு துண்டு முடிந்துவிடும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் என் டொக்கு டொக்கை வைத்தேன். முதல் தடவையாக நான் செய்த ஒன்றைக் கேட்டு எனக்கே பிடித்தது.

வியாழக்கிழமை காலை, சில்க் போர்டு சிக்னலில் பஸ் வழக்கம்போல வேரூன்றி நின்றபோது, இயர்ஃபோனில் ஒன்றை அக்காவின் காதில் வைத்தேன். இந்தத் தடவை என்ன குறை சொல்கிறார் பார்ப்போம் என்ற திமிர்.

அக்கா குறை எதுவும் சொல்லவில்லை. கையிலிருந்த டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்கேர்ந்து எடுத்தே?"

"நெட்லக்கா. ஃப்ரீயா கெடைக்குது."

"இன்னொரு தரம் போடு."

போட்டேன். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இது நான்டி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, ஹம்மிங் எல்லாம் கேக்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

அக்கா, முன் சீட்டுக்காரர் காதில் விழாதபடி குனிந்துகொண்டு, என் காதோரமாக மெல்லப் பாடினார். மேலே நின்று இரண்டு முறை அசைந்து, சடாரென்று கீழே விழுகிற ஒரு வரி. "மூச்சு எடுத்தப்புறம் இதைத்தான் பாடினேன். நானா போட்டது. வேற யாருக்கும் தெரியாது."

என் கை தானாகப் பன்னிரண்டாவது துண்டைத் திறந்தது. அதுவரை நான் கேட்டிராத துண்டு. அதே வரி, அதே இரண்டு அசைவு, அதே விழுதல். என் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

பிறகு பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் அக்கா சொன்னார். கல்யாணத்துக்கு முந்தி, விளம்பரங்களுக்குப் பாடக் குரல் தேவை என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார். பெரிய ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, வார்த்தையில்லாமல் அப்படிப் பாடு, இப்படிப் பாடு என்று பாதி நாள் பாடவைத்தார்களாம். டெஸ்ட்தான், தேறினால் கூப்பிடுகிறோம் என்றார்களாம்.

"ஆத்துல லேண்ட்லைன். யாரையும் ரெண்டு நிமிஷம் பேச விடமாட்டேன், அவா கூப்பிடற நேரத்துல என்கேஜ்டா இருந்துடுமோன்னு. கூப்பிடவே இல்லை. அப்பா, 'விடும்மா, எல்லாருக்கும் எல்லாம் வராது'ன்னார். அன்னியோட நிறுத்தினேன். கொலுவுக்குப் போனா பாடு பாடும்பா. ஜலதோஷம்னு சொல்லிட்டு சுண்டலை வாங்கிண்டு வந்துடுவேன். எத்தனை வருஷம்டி ஜலதோஷம்!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "திருட்டுப் பசங்க! டெஸ்ட்டுன்னு சொல்லி மொத்தத்தையும் சுருட்டிட்டு வித்திருக்கானுங்க. சும்மா விடக்கூடாதுக்கா."

அக்காவின் கவனம் திருட்டில் இல்லை. வேறு எதையோ தயங்கித் தயங்கிக் கேட்க வந்தார்.

"அப்போ... நன்னா இருந்திருக்கா, தர்ஷினி? நன்னா இல்லேன்னா எடுத்து வெச்சுப்பாளா?"

அந்த ஸ்டுடியோக்காரன் கிடைத்தால் அங்கேயே அறைந்திருப்பேன். "ரொம்ப நல்லாயிருக்குக்கா" என்று மட்டும் சொன்னேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

வைட்ஃபீல்டில் இறங்கும்போது, "பாட்டுலேர்ந்து உங்க குரலை எடுத்துடறேன்க்கா" என்றேன். மனசே இல்லாமல்தான் சொன்னேன். அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஒழுகுகிற பைப்தான்.

"எடுக்க வேண்டாம். ஆனா மூச்சு எடுக்கறச்சே எல்லாம் கழுத்தைப் பிடிச்சு நிறுத்திடறியே, அது வேண்டாம். எத்தனை தரம் மூச்சை மட்டும் இழுப்பா அந்தப் பொண்ணு? அடுத்த வரியைப் பாட விடு."

அன்று ராத்திரி பதினொன்றின் வாலில் பன்னிரண்டை ஒட்டினேன். பாட்டு எழுந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை அக்கா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார். கிழிந்த ஜீன்ஸும் கலர் முடியுமாக இருந்த கூட்டத்தில், மொடமொடவென்று கஞ்சி போட்ட காட்டன் புடவையில், கையில் அதே டிபன் பையோடு ஒரு மூலையில் உட்கார்ந்தார். என் முறை வந்ததும் மைக்கில், "இந்தப் பாட்டுல வர்ற குரல் ருக்மிணியோடது. அவங்க இங்கதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் வரவில்லை. பிறகு நிகழ்ச்சியை நடத்துகிற ரித்விக் எழுந்தான். தாடி வைத்த, ஒல்லியான, இந்த ஊர்த் தமிழ்ப் பையன்.

"பதினொண்ணுதானே இது?"

"ஆமா."

அவன் அக்காவின் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, உங்களை எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். என் முதல் டிராக்ல நீங்கதான். நம்பர் ஏழு."

கூடத்தில் சலசலப்பு. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையில் காசில்லாமல் ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் தேடுவது ஒரே இடத்தில்தான். அங்கே இருந்த முக்கால்வாசிப் பேரிடம் அந்த ஃபோல்டர் இருந்தது. ஒருத்தன் மூன்று என்றான், ஒருத்தன் கன்னடத்தில் ஒன்பது என்றான். முடியை நீலமாக்கியிருந்த சோனியா என்ற பெண் ஓடிவந்து அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நாலாவதுல கடைசியில லைட்டா சிரிப்பீங்களே, ஏன் ஆன்ட்டி? எனக்கு அதை வெட்டவே மனசு வரல."

"மைக் மேல பல்லி ஓடித்து" என்றார் அக்கா.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வராத ஒரு ஃபோனுக்காகக் காத்திருந்து வாயை மூடிக்கொண்டவருக்கு, அவர் எங்கே மூச்சு வாங்கினார், எங்கே சிரித்தார் என்பதுவரை மனப்பாடமாக வைத்திருக்கிற ஒரு கூட்டம் எதிரே நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஒரு தடவை பாடுங்க ஆன்ட்டி" என்றான் ரித்விக்.

அக்கா எழுந்தார். அதற்குள் கூடம் முழுக்க ஃபோன்கள் நீண்டுவிட்டன. என்னுடையதும்தான், விரல் சிவப்புப் பொத்தானில் தயாராக இருந்தது. ஒலிக்காக நாயாய் அலைகிற கூட்டம், வேறெப்படி இருக்கும்?

"பாடறேன். ஆனா யாரும் இதைப் பிடிச்சு வெச்சுக்கப்படாது. எல்லாத்தையும் உள்ள வைங்கோ."

இப்படி ஓர் ஒலியை விட்டுவிடுவதா என்று எனக்கு வயிறு எரிந்தது, உண்மை. பிறகு ரித்விக் தன் ஃபோனை அணைத்து மேஜையில் கவிழ்த்தான். சோனியா பையில் போட்டாள். நானும் வைத்தேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஃபோல்டரில் இருந்த குரல் இல்லை இது. கனத்திருந்தது, ஓரங்களில் சொரசொரத்தது. உச்சிக்குப் போகும்போது உடைந்தது. அவர் நிறுத்தவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மறுபடி கீழேயிருந்து ஏறினார். இந்தத் தடவை எட்டிப் பிடித்தார். நாங்கள் யாரும் கேட்டிராத வரிகளுக்குள் போய்க்கொண்டே இருந்தார். தாமாக முடிக்கிறவரைக்கும் பாடினார்.