நூறாவது முத்திரை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, நகரமன்றக் கட்டடத்தின் எதிரிலிருந்து, நமது 'கழுகு' சுற்றுலாச் சங்கத்தின் வரலாற்றுச் சிறப்புமிக்க இலையுதிர்காலப் பயணம் புறப்படும். பால்கன் மலையின் செம்பொன் வனங்களைத் தரிசித்த பின்னர், கிளெனோவெட்ஸ் கிராமத்து ஆலயத்தில், சங்கத் தலைவர் ராங்கெல் அவர்கள் தமது நூறாவது முத்திரையைப் பெறுவார்கள். மாலை ஏழு மணிக்கு நகரமன்ற மண்டபத்தில் மேயர் முன்னிலையில் பாராட்டு விழா. கேக் உண்டு.

அறிவிப்பை எழுதியவர் ராங்கெல். தன் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சேர்த்தவரும் அவரே. அதை நகரமன்றக் கதவில், இறப்பு அறிவிப்புகளுக்கு நடுவே இடம் பிடித்து ஒட்டியவன் நான். சங்கச் செயலாளர் என்றால் அதுதான் வேலை.

முத்திரை விஷயம் எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்த்தே ஆக வேண்டிய இடங்கள் என்று நூறு இடம் கொண்ட பட்டியல் இருக்கிறது. மடம், அருங்காட்சியகம், மலை உச்சி, குகை. போகிற இடத்தில் கையடக்கமான ஒரு புத்தகத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இருபத்தைந்துக்கு வெண்கல பேட்ஜ், ஐம்பதுக்கு வெள்ளி, நூறுக்குத் தங்கம். எங்கள் ஊரில் மூன்று பேரில் ஒருவரிடம் அந்தப் புத்தகம் இருக்கும். மற்ற இரண்டு பேர் தொலைத்திருப்பார்கள். தங்கம் மட்டும் சங்கத்தின் நாற்பது வருடத்தில் யாருக்கும் வந்ததில்லை. அந்த முதல் ஆளாகத் தான் இருக்க வேண்டும் என்பது ராங்கெலின் பத்தொன்பது வருடக் கனவு. இன்று விட்டால் மலைக் கிராமங்கள் ஏப்ரல் வரை பூட்டிக்கொள்ளும். மேயரையும் கூப்பிட்டாகிவிட்டது.

பேருந்தில் முப்பத்தொரு பேர். எட்டு மணிக்குள் சீஸ் வைத்துச் சுட்ட பானிட்சாவின் வாசனை பரவிவிட்டது. எட்டரைக்கு ராக்கியா சாராயப் பாட்டில் கை மாறத் தொடங்கியது. மலை ஏற ஏற, யாரோ காடு முழுக்க மிளகாய்ப் பழத்தைக் காயப் போட்டது போல இருந்தது. பீச் மரங்கள் செம்பு நிறத்தில், நடுநடுவே மேப்பிள்கள் ரத்தச் சிவப்பில். ராங்கெல் ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மைக்கில் இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்று படித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய வேடிக்கை பார்க்காதீங்க! இங்க கவனிங்க!" என்றார், மூன்று முறை.

கடைசி இருக்கையில் ஸ்லாவ்கா டீச்சர், ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு. ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை. சாம்பல் நிற ஸ்கார்ஃப், அதைக் கழுத்தில் குத்த ஒரு சின்ன ஊக்கு, மடியில் ஆப்பிள். போன வருடம் தொண்ணூற்று மூன்று முத்திரை வைத்திருந்தவர். ராங்கெலுக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது இவர்தான்.

"டீச்சர், உங்களுக்கு எத்தனை ஆச்சு?" மைக்கை அணைக்க மறந்து கேட்டார்.

"எண்ணுறத விட்டுட்டேன், தலைவரே."

ராங்கெல் என் பக்கம் குனிந்து, "விட்டுட்டாங்களாம்!" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதுவும் மைக்கில் போயிற்று.

கிளெனோவெட்ஸ் சேர மணி இரண்டரை. ஆலயத்தின் சாவியும் முத்திரையும் தோத்தா என்ற பெண்ணிடம் இருந்தன. அவள் தன் வீட்டு முற்றத்தில், குளிர்காலத்துக்காகப் பீப்பாயில் முட்டைக்கோஸ் அடுக்கி உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம். ராங்கெல் அவள் முன்னால் நின்று நான்கு பக்க உரையை விரித்தார்.

"பேச்செல்லாம் அப்புறம்," என்றாள் தோத்தா. "அந்தக் கல்ல எடுத்து மேல வையுங்க. கோஸ் மிதக்குது."

தலைவர் கல்லை எடுத்து வைத்தார். தோத்தா கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க முன்னாடி வந்திருக்கீங்கல்ல?"

"நானா? இந்த மண்ணுல இன்னைக்குத்தான் முதல் முறையா கால் வைக்கிறேன், சகோதரி!"

"இல்ல, வந்திருக்கீங்க. இதே குரல். வாசல் விட்டத்துல தலைய இடிச்சுக்கிட்டு, விட்டத்தத் திட்டினீங்க."

எல்லோரும் சிரித்தோம். ராங்கெலும் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டே ஆலயத்துக்குள் நுழைந்து, தலையை இடித்துக்கொண்டு, விட்டத்தைத் திட்டினார்.

தோத்தா மெழுகுவத்திப் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய பார்வையாளர் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கங்களைத் தள்ளினாள். பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு அக்டோபர் மாதம். பக்கம் முழுக்கப் பரந்த கையெழுத்து:

"என் நெஞ்சைவிட்டு ஒருநாளும் அகலாத ஆலயம்! — ராங்கெல், தலைவர், 'கழுகு' சுற்றுலாச் சங்கம்."

அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை.

"அப்படின்னா முத்திரை எங்க?" ராங்கெல் தன் புத்தகத்தைப் பதற்றமாகப் புரட்டினார். "கிளெனோவெட்ஸ் இதுல இல்லையே!"

ஸ்லாவ்கா டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். நாற்பத்தொன்றாம் முத்திரையில் விரல் நின்றது. மழையில் நனைந்து கத்தரிக்காய் நிறத்தில் கரைந்து போன ஒரு வட்டம். எழுத்து எதுவும் தெரியவில்லை.

"இது எந்த ஊரு?"

"அது ஸ்காலிட்சா. தேனீ அருங்காட்சியகம்," என்றார் ராங்கெல். "அந்த வருஷம் ரெண்டு நாள்ல ஏழு இடம் போனோம். ஸ்காலிட்சாவும் திட்டத்துல இருந்துச்சு."

"திட்டத்துல இருந்துச்சா, போனீங்களா?"

தோத்தா தன் முத்திரையை ஒரு தாளில் குத்தி, கரைந்த வட்டத்தின் பக்கத்தில் வைத்தாள். "என் மாமனார் கீழ போட்டு ஓரம் உடைச்சாரு. பாருங்க, இங்க ஒரு பல்லு இல்ல. அங்கயும் இல்ல."

இரண்டு வட்டத்திலும் அதே இடத்தில் அதே பொக்கை. ஆக, கிளெனோவெட்ஸ் பதினொரு வருடமாகவே புத்தகத்தில் இருந்தது. ஸ்காலிட்சாவுக்கு அவர் போகவே இல்லை. ராங்கெலிடம் இருந்தது தொண்ணூற்றொன்பது. இங்கிருந்து போகும்போதும் தொண்ணூற்றொன்பதுதான்.

"இன்னொரு தரம் குத்திடுங்களேன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் தோத்தா. "ஒரு ஆளுக்கு ஒரு முத்திரை. கல்லு தூக்கி வச்சதுக்கு வேணும்னா ஒரு கோஸ் தரேன்."

ராங்கெல் வெளியே போய் மனைவிக்கு போன் செய்தார். அந்த அம்மாள் பேசியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கேக்குல நூறுன்னு எழுதியாச்சு! கிரீம்ல! அத எப்படித் தொண்ணூத்தொம்பது ஆக்குறது? மேயர் பொண்டாட்டி வேற பூ வாங்கிட்டாளாம்!"

அவர் திரும்பி வந்தபோது தலைவர் மாதிரி இல்லை. பரீட்சையில் தோற்றதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் முகம். ஓட்டுநர் பெய்ச்சோதான் சிகரெட்டைக் காலில் நசுக்கிக்கொண்டு கேட்டான்:

"ஸ்காலிட்சா எத்தனை மணிக்குச் சாத்துவான்?"

"அஞ்சு."

"இப்ப மூணே கால். மலை மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கினா ஒன்றரை மணி நேரம். ஏறுங்க எல்லாரும்!"

நான் இந்தச் சங்கத்தில் பன்னிரண்டு வருடம். எங்கள் ஆட்கள் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். தோத்தா உண்மையிலேயே ஒரு முட்டைக்கோஸை ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தாள். பேருந்து வளைவுகளில் சாய்ந்தது, பானிட்சா தட்டு நடைபாதையில் வழுக்கி ஓடியது, இரண்டு பக்கமும் காடு தீப்பிடித்த மாதிரி பின்னால் பறந்தது. "போடா பெய்ச்சோ, போ!" என்று முப்பது பேர் கத்தினார்கள். சற்று முன் ராங்கெலைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவருடைய முத்திரைக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கத்தினேன். ஏன் என்று தெரியாது.

கணவாய் உச்சியில் பெய்ச்சோ பிரேக்கை மிதித்தான். தலைநகர் சோபியாவிலிருந்து வந்த நாலைந்து கார்கள் சாலை நடுவில் நின்றிருந்தன. ஒரு கூட்டம் கைகளை விரித்துக்கொண்டு, இலைகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இலையுதிர்காலப் பயணத்தின் தலைவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தள்ளினார்.

"வழி விடுங்கய்யா! வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு? இலையில என்னய்யா இருக்கு பார்க்க!"

ஒரு பெண் அவரையும் படம் எடுத்தாள். வழி கிடைத்தது.

ஸ்காலிட்சாவில் நாங்கள் இறங்கும்போது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. அருங்காட்சியகக் காப்பாளர், மெலிந்த மனிதர், கதவைப் பூட்டிவிட்டு சைக்கிளில் ஒரு காலைப் போட்டிருந்தார்.

"ஐயா, ஒரே ஒரு முத்திரை!" என்றார் ராங்கெல், மூச்சு வாங்க.

"நாலரையோட டிக்கெட் முடிஞ்சிருச்சு. டிக்கெட் இல்லாம முத்திரை இல்ல."

"நான் யார் தெரியுமா? 'கழுகு' சங்கத்தோட..."

"நான் தேனீ. போயிட்டு வாங்க."

அப்போது ஸ்லாவ்கா டீச்சர் மெதுவாகப் படியேறி வந்து, "மூஞ்சி மாதிரி செதுக்கின அந்த மரத் தேன்கூட்டுக்குப் பூச்சி மருந்து அடிச்சீங்களா? போன தடவ மூக்குல ஓட்டை விழுந்திருந்துச்சே?" என்று கேட்டார்.

காப்பாளரின் முகம் மாறியது. சைக்கிள் சுவரில் சாய்ந்தது. "டீச்சரா! மே மாசம் வந்து ரெண்டு மணி நேரம் நின்னீங்களே! வாங்க, வாங்க, அடிச்சாச்சு, வந்து பாருங்க!"

கதவு திறந்தது. ராங்கெல் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. முத்திரை இருந்த மேசைக்கு நேராகப் போய்விட்டார். நான்கு ஐம்பத்தெட்டுக்கு அது விழுந்தது. நல்ல கறுப்பு மை, தெளிவான வட்டம், நடுவில் ஒரு தேனீ. ராங்கெலின் கண்ணில் தண்ணீர். நாங்கள் அவரைத் தூக்கினோம், கொஞ்ச தூரம். கீழே இறக்கியதும் பார்வையாளர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதினார்: "என் நெஞ்சைவிட்டு ஒருநாளும் அகலாத அருங்காட்சியகம்!" பிறகு மை காயட்டும் என்று புத்தகத்தை விரித்தபடி பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் பேருந்துக்கு நடந்தார்.

விழா சிறப்பாகவே நடந்தது. மேயர் இருபது நிமிடம் பேசினார். 'நமது மண்ணின் பொக்கிஷங்களைத் தன் கண்ணால் கண்டவர்' என்ற இடத்தில் நான் கூரையைப் பார்த்தேன். கேக்கில் கிரீம் நூறு பத்திரமாக இருந்தது. துண்டுகளை ஒரே அளவில் வெட்டத் தெரிந்தவர் ஊரில் ஸ்லாவ்கா டீச்சர் ஒருவர்தான் என்பதால் கத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். மண்டபம் புழுக்கம். அவர் ஸ்கார்ஃபைக் கழற்றி நாற்காலியில் போட்டு, ஊக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெட்டத் தொடங்கினார்.

மேயர் அந்த ஊக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வட்டமாக, பொன் நிறத்தில், நடுவில் 100 என்று இருந்தது.

"டீச்சர், இது..."

"ஊக்குங்க. ஜூன் மாசம் தபால்ல வந்துச்சு. ஸ்கார்ஃபுக்குச் சரியா இருந்துச்சு." கத்தியை நிறுத்தாமலே சொன்னார். "தலைவரே, உங்களுக்கு ஒண்ணு எழுதின துண்டா, சைபர் எழுதின துண்டா?"

மேயர் மனைவி வாங்கிய பூங்கொத்து ராங்கெல் கையிலேயே இருந்தது. யாரிடமாவது கொடுக்க வேண்டுமா என்று யோசிப்பவர் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பேட்ஜ் மார்ச் மாதம் வந்தது. ஊக்கு உடைந்திருந்தது.