மச்சானின் அரைத் தலை

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. என் மச்சான் அதைத் தாண்டியது, சலூன் சுவரில் அந்த அலாரத்தை மாட்டிய அன்று.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடை அவருடையது, கத்தரி மட்டும் என்னுடையது. ஆள் உட்கார்ந்ததும் அலாரத்தைத் திருக வேண்டும்; அது அலறியதும் துணியை உதறி அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். கடையில் கத்தரி பிடிக்கும் மற்றவர்கள் பழகிவிட்டார்கள். எனக்கு முடியைச் சீப்பில் எடுத்து, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, பிறகுதான் வெட்ட வரும். அதற்கு, வந்தவர்கள் முன்னால், "நம்ம ஆமை மாப்ள இன்னும் காதுகிட்டயே வரலையா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டுவேன்.

போன மாதம் அந்த அவசரத்தில் ஒருவரின் காதைக் கீறிவிட்டேன். கத்தரி பிடித்த நாள் முதல் ஒரு சொட்டு ரத்தம் பார்க்காதவன் நான். அன்றிலிருந்து அலாரத்தைத் தொட்டாலே கை நடுங்கியது. இப்படியே போனால் தொழிலே போய்விடும். மச்சானிடம் சொன்னேன்.

"காது தானா ஆறிடும். நீ அடுத்த தலையப் பாரு" என்றார்.

பாவி மனுஷன்! அன்றே கறுவிக்கொண்டேன்.

நேற்று அவருடைய இரண்டாவது கடைக்குத் திறப்பு விழா. மற்ற ஆட்களையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டு, காலையில் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தன் தலையை மட்டும் அந்த வேகக்காரர்களிடம் அவர் கொடுத்ததே இல்லை. உபதேசம் ஊருக்குத்தானே!

"எனக்கு நிதானமா பண்ணு மாப்ள. இன்னைக்கு போட்டோல்லாம் எடுப்பாங்க."

"அதுக்கென்ன மச்சான்" என்று அலாரத்தைத் திருகினேன். போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தவர் கவனிக்கவில்லை. வலது பக்கத்தை இழைத்து இழைத்து முடித்தேன். அலாரம் அலறியது. துணியை உதறினேன்.

"அடுத்தது யாருங்க? வாங்க."

கண்ணாடியைப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி ஆனார். ஒரு பக்கம் கல்யாணக் களை, மறுபக்கம் கரடி.

"டேய், விளையாடுறியா?"

"நீங்க போட்ட சட்டந்தானே மச்சான்? மிச்சத்துக்கு வரிசையில வாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, என் காதில் தேன் வந்து பாய்ந்தது.

"அந்தச் சனியனக் கழட்டி எறி! இனிமே உன் இஷ்டத்துக்கு வெட்டு. என்னை முடிச்சு அனுப்பிடுப்பா."

கழற்றினேன். அவரை மட்டும் கூப்பிடவில்லை. காத்திருந்தவரை உட்காரவைத்து, சீப்பில் எடுத்து, பார்த்து, வெட்டினேன். கை நடுங்கவில்லை. மச்சான் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் தவித்தார். நாளைக்கு என்னைத் துரத்தினாலும் துரத்தட்டும், இந்தக் காட்சி போதும்.

போன் அடித்தது. மச்சான் மனைவியின் குரல் கடை முழுக்கக் கேட்டது: "எல்லாரும் காத்திருந்து பாத்தாங்க. ரிப்பன நானே வெட்டிட்டேன். நீங்க மெதுவா வாங்க!"

அப்புறம்தான் அவரைக் கூப்பிட்டேன். அடித்துப் பிடித்து ஓடிவந்து உட்கார்ந்தார்.

"இனி என்ன அவசரம் மச்சான்? தலையக் குனிங்க."