தும்பியின் வால்

பல் மருத்துவரின் நாற்காலியில் அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதுதான் அவள் தன் எழுத்தைப் பார்த்தாள். தலைக்கு மேலே, விளக்குக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு பலகை: 'ஆழமாக மூச்சு விடுங்கள்'. பயந்துபோய் வருகிறவர்களுக்காக மருத்துவர் மாட்டியது. அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது.

எழுத்துரு செய்வது அவள் தொழில். கணினியில் வளைவு வளைவாக இழுத்து, எழுத்துகளுக்கு முகம் கொடுக்கிற வேலை. 'தும்பி' என்று பெயரிட்ட இந்த எழுத்துருவை நான்கு வருடமாகச் செதுக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் வெளியிடவே இல்லை. பாடப்புத்தகம் போடுகிற பதிப்பாளர் ஒருவர், தனக்கு மட்டும் என்றால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஆ... ஆ..." என்று மேலே கை காட்டினாள்.

"அதேதாம்மா. ஆழமா மூச்சு விடுங்க," என்றார் மருத்துவர்.

வாயைக் கொப்பளித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியது அல்ல. பாதி உதடு மரத்திருந்ததால் அதை இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. பலகை செய்தது பின் தெருவில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா என்று தெரிந்தது.

போகிற வழியில் சலவைக்கடை, சாவிக்கடை, நாய்களுக்கு முடி வெட்டும் கடை. எல்லாப் பலகையிலும் தும்பி. திரையில் வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தவள் தெருவை நிமிர்ந்து பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது!

பலகைக்கடை அம்மா கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வெட்டும் இயந்திரத்தின் மேல் படிந்த அக்ரிலிக் தூளை ஊதிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"திருட்டா? நல்லா இருக்கே கதை! யாரு வேணா எடுத்துக்கலாம்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க, எடுத்துக்கிட்டேன். இந்தா, பாருங்க."

திரையைத் திருப்பிக் காட்டினார். தும்பியோடு ஒரு அனுமதிப் பக்கம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மாற்றினால் அந்த மாற்றத்தையும் இதே போல் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். கீழே ஒரு பெயர்.

"இது எங்க வீட்டுக்காரர்."

"தாராளமான மனுஷன்."

"ஆமா. அடுத்தவங்க பொருள்ல."

"நானும் நேர்மையாத்தான் நடந்துக்கிட்டேன். உங்க 'ழ' இருக்கே, அதோட வால் தலைமுடி மாதிரி. அக்ரிலிக்ல வெட்டினா பட்டுனு உடையுது. அதான் கொஞ்சம் தடிமனாக்கி, உள்பக்கமா மடக்கிட்டேன். மாத்தினதை அப்பவே எடுத்த இடத்துலயே திருப்பிப் போட்டாச்சு. இந்தப் பேருக்கு ரெண்டு கடிதாசி வேற அனுப்பினேன். ஒரு பதில் கிடையாது."

அவள் அந்த ழ-வைப் பார்த்தாள். தும்பியில் இன்னும் முடியாதிருந்த ஒரே எழுத்து அதுதான். பெரிதாகப் போட்டால் அழகு, பாடப்புத்தக அளவுக்குச் சிறிதாக்கினால் வால் காணாமல் போகும் என்று பதிப்பாளரும் குறை சொல்லியிருந்தார். எத்தனையோ தரம் அழித்து அழித்து வரைந்த அந்த வால், இங்கே உடையாமல் இருப்பதற்காக மடங்கி, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவள் திரைக்கு இன்னும் பக்கத்தில் குனிந்தாள்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் கடைக்காரம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் கழட்டச் சொல்லிருவீங்களோ? நாய்க்கடைக்காரர் என்னைக் கடிச்சே வெச்சிருவார்."

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

அவளுடைய கணவர் மென்பொருள் எழுதுகிறவர். அவள் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'சுதந்திரம்'. அறிவைப் பூட்டி வைப்பது பாவம் என்பது அவர் கட்சி. விருந்தாளி யாராவது மடிக்கணினியோடு வந்தால், காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தை அழித்துவிட்டுத் திறந்த மூல இயங்குதளம் ஒன்றைப் போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். அந்த வீட்டில் அவர் கை வைக்க முடியாத ஒரே கணினி அவளுடையது. அதில் எல்லாமே காசு கொடுத்து வாங்கியவை.

சென்ற வருடம் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு அது படுத்துவிட்டது. அவர்தான் கோப்புகளை மீட்டுத் தன் கணினியில் பத்திரப்படுத்தினார். அந்தக் கணினியிலோ, எந்தக் கோப்பு வந்தாலும் ஒரு அனுமதிப் பக்கத்தோடு இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுக் களஞ்சியத்துக்குத் தானாகவே போய்ச் சேரும்படி அவரே எப்போதோ பெருமையாக ஏற்பாடு செய்து, மறந்தும் போயிருந்தார்.

"ஏங்க, என் தும்பியை ஊருக்கே தானம் பண்ணிட்டீங்களாமே?"

அவர் தேடிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இப்பவே அழிச்சிடறேன்."

"கொடுத்த சுதந்திரத்தைத் திரும்ப வாங்க முடியாதுன்னு எங்கண்ணன்கிட்ட மேசையைத் தட்டிச் சொன்னீங்களே?"

"அது கொள்கை. இது நம்ம வீடு."

"ஓகோ."

"அதோட, இது செல்லவே செல்லாது. உன் பொருளைக் கொடுக்க நான் யாரு? ஒரு நோட்டீஸ் விட்டா எல்லாப் பலகையும் இறங்கியாகணும். நீ தைரியமா கையெழுத்துப் போடு."

பதிப்புரிமை என்ற சொல்லைக் கேட்டாலே பல்லை நறநறக்கிற மனிதர், பதிப்புரிமைச் சட்டத்தை வரி வரியாகப் படித்துக்காட்ட ஆரம்பித்தார்.

அவள் மௌனமானாள். அவள் மௌனங்களை அவர் வகை பிரித்து வைத்திருந்தார்: கோபம், பசி, வளைவு யோசிப்பது. இது மூன்றிலும் சேரவில்லை. சட்டம் படிப்பதை நிறுத்திவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று காப்பி போடப் போனார்.

அனுமதி செல்லாது என்றால் ஒப்பந்தம் பிழைக்கும். ஆனால் அந்த ழ போய்விடும். அது அந்த அனுமதியை நம்பித்தான் அவளிடம் திரும்பி வந்திருக்கிறது. 'பலகைகளைக் கழற்றுங்கள், வாலை மட்டும் கொடுங்கள்' என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது? நாற்காலியில் கிடந்ததை நினைத்துக்கொண்டாள். அந்தத் திகைப்பிலும் அந்த மூன்று சொற்களைப் படித்து, படித்தபடியே மூச்சு விட்டிருக்கிறாள். நான்கு வருடத்தில் தும்பியை அவள் வாசித்தது அதுதான் முதல் தடவை.

பதிப்பாளரை அழைத்தாள். காப்பிக் கோப்பையோடு கணவர் வாசலில் நின்றார்.

"உங்களுக்கு மட்டும்னு தர முடியாது. ஏற்கெனவே வெளியே போயிடுச்சு. யாரும் எடுத்துக்கலாம், நீங்களும்தான்."

மறுமுனையில் நீண்ட அமைதி. ஆனால் அமைதியில் அவளை ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

கடைசியில் அவர்தான் பேசினார். "அப்போ நான் எதுக்கும்மா பணம் தரணும்?"

"பாடப்புத்தகத்துக்குத் தடித்த எழுத்து வேணும், கணக்குக் குறி வேணும். அது யார்கிட்டயும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள செஞ்சு தர்றேன். அந்த வேலைக்குக் கொடுங்க."

"பாதி விலைதான் வரும்."

"முக்கால்."

"அந்த ழ விவகாரம் என்ன ஆச்சு?"

"தீர்ந்துபோச்சு. கூட்டாளி ஒருத்தங்க தீர்த்து வெச்சாங்க."

அவர் கொஞ்சம் முனகிவிட்டு முக்காலுக்கு ஒத்துக்கொண்டார். அடுத்து அவள் பலகைக்கடைக்குப் பேசினாள். கழற்ற வேண்டாம் என்று சொன்னாள், தும்பியில் அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டாள். "தாராளமா போடுங்க. என் பேரைப் பெரிசா போடுங்க!" என்று இயந்திரச் சத்தத்தையும் மீறிப் பதில் வந்தது.

"என் மேல கோபமா?" என்றார் கணவர்.

"நேரம்தான் இல்லை. ஒருத்தியா முடியாது, நீங்களும் உட்காருங்க. எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரி பார்க்கணும்."

"பாத்துடலாம். கோப்பை என் கணினிக்கு அனுப்பு."

"உங்க கணினிக்கா? போதும் சாமி! என்னோடதுலதான்."

"அதுலயா? நானா?"

"நீங்கதான்."

பழக்கமில்லாத வீட்டில் செருப்பைக் கழற்றுவது போல் தயங்கித் தயங்கி அவர் அவள் கணினி முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாத குரலில், "நல்லா வழுக்கிக்கிட்டுப் போகுது..."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை. உங்கண்ணனுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம்."

முதுகுக்குப் பின்னாலிருந்து, கைபேசி படம் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.